உறக்கம் போன ஐந்தாவது செமஸ்டர்

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்துக்காரி. நாகர்கோவில் அருகே ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். போன வருஷம், ஐந்தாவது செமஸ்டரில், முதலில் உறக்கம் போனது. அதன் பின்னாலேயே தைரியம், படிப்பு, பணம் என்று ஒவ்வொன்றாகப் போனது. அந்த நாட்களில் நான் தேடிப் படித்ததெல்லாம் ‘படுக்கும் முன் போனைத் தொடாதீர்கள், தியானம் செய்யுங்கள்’ என்ற அளவில்தான் இருந்தது. அதைப் படித்ததும் போனில்தான், நள்ளிரவு தாண்டி. இது எப்படி ஆரம்பிக்கும், உடம்பில் எப்படித் தெரியும், எதில் பணத்தைப் போடக்கூடாது, எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தால் அந்த வருஷம் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து காலை ஏழு மணிக்குள் கல்லூரி பஸ்ஸில் ஏற வேண்டும். தக்கலை வழியாக நாகர்கோவில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலம் வீடு திரும்பும்போது ஆறு, ஆறரை. வந்ததும் குளியல், அம்மாவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை, ரெக்கார்டு எழுதுவது, சாப்பாடு. பத்து மணிக்கு வீடு அடங்கும். என்னை யாரும் கூப்பிடாத, எதுவும் கேட்காத நேரம் என்றால் ஒரு நாளில் அது ஒன்றுதான். போன் என் கைக்கு முழுசாக வந்து சேர்ந்ததும் அந்த நேரத்தில்தான். சோம்பேறித்தனம், கட்டுப்பாடு இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுவதும் பிறருக்காக ஓடியவளுக்கு அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது. என்னோடு பஸ்ஸில் வரும் பாதிப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அதனால்தான் ‘சீக்கிரம் படு’ என்று எத்தனை பேர் சொன்னாலும் அது காதில் ஏறுவதில்லை.

முதலில் கோடிங் வீடியோக்கள்தான் பார்த்தேன். பிளேஸ்மெண்ட் வருகிறது, தயாராக வேண்டும் என்ற பயம். ஒரு வீடியோ முடிந்ததும் இன்னொன்று, அதன் இடையில் ரீல்ஸ், அப்புறம் யாரோ ஒரு சீனியருக்கு எவ்வளவு சம்பளத்தில் வேலை கிடைத்தது என்ற பதிவு. அதைப் பார்த்தால் வயிற்றில் ஒரு பிசைவு. அந்தப் பிசைவு அடங்க மறுபடியும் ரீல்ஸ். முன்பெல்லாம் இணையப் பக்கங்களுக்கு ஒரு முடிவு இருந்தது. ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்தினால்தான் மேலே போகும். 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். நிறுத்துவதற்கு என்று அதில் ஒரு இடமே கிடையாது. உறக்கம் வந்து கண் சொருகும் நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த நேரம் வரவே வராது, ஏனென்றால் அடுத்தது என்ன என்ற ஆவலே உறக்கத்தைத் தள்ளிப் போட்டுவிடும்.

அப்பா ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டு வேலைக்குப் போகிறவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு கிளம்ப வேண்டும். நாலு மணிக்கு முன்னே அடுக்களையில் விளக்கு எரியும், கட்டன் சாயா கொதிக்கும் வாசனை வரும், பக்கெட்டின் கைப்பிடி கிணுங்கும். நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு அவர் முற்றத்தில் இறங்கும்போது அந்த வெளிச்சம் எங்கள் அறை ஜன்னலில் ஒரு தடவை அடித்துவிட்டுப் போகும். என் பக்கத்தில் தங்கை உறங்கிக் கிடப்பாள். நான் போர்வைக்குள் திரையின் வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து வைத்துக்கொண்டு விழித்திருப்பேன். ஜன்னலில் வெளிச்சம் பட்டதும் போனைக் குப்புறப் போட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு படுப்பேன். ஒருநாள் அவர் நின்று, “மக்ளே, உறங்கலியா?” என்று கேட்டார். “படிக்கேன்பா” என்றேன். “கண்ணக் கெடுத்துறாத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வந்த அழுகை எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. அவர் வேலைக்கு இறங்கும் நேரத்தில்தான் நான் கண்ணை மூட ஆரம்பிக்கிறேன். ஆறு மணிக்கு அம்மா வந்து எழுப்பிவிடுவார்கள்.

இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் உறங்கி எத்தனை நாள் ஓட்ட முடியும்? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமல் உறக்கம் வேண்டும். முதல் சில வாரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. லேபில் நின்றுகொண்டே கண் சொருகும். படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பேன், எதுவும் உள்ளே இறங்காது. சட்டென்று நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். தங்கை ஏதோ ஒரு பேனாவை எடுத்ததற்கு அவளை அடித்துவிட்டேன். பஸ்ஸில் தோழிகள் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். இதற்கெல்லாம் உறக்கம்தான் காரணம் என்று எனக்கோ வீட்டாருக்கோ தோன்றவே இல்லை. நெஞ்சுப் படபடப்பு என்றால் இருதயம், சோர்வு என்றால் ரத்தசோகை, மறதி என்றால் சத்துக்குறைவு என்று தனித்தனியாகத்தான் பார்த்தோம்.

பணம் போன கதை இங்கேதான் ஆரம்பம். பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் பார்த்ததற்கும் ரத்தப் பரிசோதனைகளுக்கும் 3,800 ரூபாய். ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் சரியாக இருந்தது. படபடப்புக்கு இசிஜி, எக்கோ எடுத்ததில் 2,600 போனது, அதுவும் சரிதான். அந்தப் பரிசோதனைகளே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தைராய்டும் ரத்தசோகையும் எங்கள் வயதில் நிறையப் பேருக்கு உண்டு, ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. என் வருத்தமெல்லாம், அத்தனை பேரில் ஒருவர் கூட ‘ராத்திரி எத்தனை மணிக்கு உறங்குகிறாய்?’ என்று கேட்கவில்லை என்பதுதான். நீங்கள் டாக்டரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிடுங்கள். ‘தலைவலி’ என்று ஆரம்பித்தால் தலைவலிக்குத்தான் மாத்திரை கிடைக்கும்.

அப்புறம் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, 1,900 ரூபாய். ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே போன் பார்த்தேன், அதுதான் இருக்கிறதே என்ற தைரியத்தில். பிறகுதான் படித்தேன்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், சாதாரணக் கண்ணாடியைவிட இது கண் சோர்வைக் குறைக்கிறது என்று தெரியவில்லை, உறக்கத்துக்கு உதவுமா என்பதற்கும் உறுதியான முடிவு கிடைக்கவில்லை. நீல ஒளி என்பது பொய் அல்ல. நம் கண்ணின் விழித்திரையில் பார்வைக்கு அல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்கிற செல்கள் இருக்கின்றன. அவை நீல நிறத்துக்குத்தான் அதிகம் அசையும். மூளை அதைப் பகல் என்று எடுத்துக்கொண்டு, உடம்பை உறக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கும். ஆனால் அதன் அளவு எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். பாஸ்டனில் செய்து 2015-இல் வெளியான ஆய்வொன்றில் 12 பேரைத் தொடர்ந்து ஐந்து இரவு படுக்கும் முன் நாலு மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படிக்க வைத்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளோடு ஒப்பிட்டால் அவர்கள் உறங்குவதற்குச் சராசரியாகப் பத்து நிமிடம்தான் கூடுதலாக எடுத்தது. பத்து நிமிடம்! எனக்குப் போனதோ நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தைத் தின்றது வெளிச்சம் அல்ல, திரையில் ஓடியதும் அதைப் பார்த்து என் மனசு பட்ட பாடும்தான். வெளிச்சத்தைக் குறைப்பது, மஞ்சள் நிறத்துக்கு மாற்றுவது எல்லாம் சிறிய உதவி. அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள், போனிலேயே அந்த வசதி இருக்கிறது.

மெலடோனின் கலந்த மிட்டாய் போன்ற மாத்திரை டப்பா 800 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். அதைத் தின்றுவிட்டும் போனைத்தான் பார்த்தேன். என்ன அளவு, எந்த நேரம், யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். படுக்கும்போது வாயில் போட்டால் உறக்கம் வந்துவிடும் என்று நினைத்து அதை வாங்காதீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, பிளேஸ்மெண்ட்டுக்காகக் கட்டிய சனி, ஞாயிறு கோச்சிங் வகுப்பு, 6,000 ரூபாய். அந்த இரண்டு நாளும் நான் மதியம் வரை உறங்கினேன். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. கூட்டிப் பார்த்தால் 15 ஆயிரத்துக்கு மேல். மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிடையாது. எங்கள் மாவட்டத்துக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே. அப்பா எத்தனை வெட்டு நாள் உழைத்துச் சேர்த்த காசு அது என்று கணக்குப் போடப் பயந்து போடாமலே விட்டுவிட்டேன்.

சனி, ஞாயிறு உறக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வாரம் முழுவதும் விட்டதை இரண்டு நாளில் பிடித்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறோம். மூளையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. உடம்பு எப்போது விழிக்க வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதை அது ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் நடத்துகிறது. உடம்பின் செல்லுக்குள் அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எழுந்தால், உடம்பு அதைத்தான் காலை என்று எடுத்துக்கொள்ளும். அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்தாலும் உறக்கம் வராது, போன்தான் வரும். திங்கள்கிழமை பஸ்ஸில் நான் வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவள் மாதிரி இருப்பேன். போதாததற்கு, 20 வயதை ஒட்டி இந்தக் கடிகாரம் இயல்பாகவே கொஞ்சம் பின்தள்ளி ஓடும். பெரியவர்களுக்கு ஒன்பது மணிக்கு வரும் உறக்கம் நமக்கு வராததில் நம் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் கல்லூரி பஸ் அதற்காகக் காத்து நிற்பதில்லை.

நவம்பரில் பரீட்சை வந்தது. ராத்திரி விழித்துப் படிக்கக் கட்டன் சாயா மேல் கட்டன் சாயா. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த சாயாவின் காஃபீனில் பாதி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பரீட்சை ஹாலில் கேள்வியைப் பார்த்ததும் விடை நினைவில் இருக்கிறது, பெயர் மட்டும் வரவில்லை. மூன்று பேப்பரில் அரியர். அதுவரை நான் அரியர் வைத்ததில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட காலைகள் எல்லாம் சேர்ந்து வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், துறைத் தலைவர் முன்னால் அம்மா கைகட்டி நின்றார்கள்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. அம்மா எனக்காக மரச்சீனியும் மீன்கறியும் வைத்தாலும் நாக்கில் மண் மாதிரி இருந்தது. குளிக்கத் தோன்றாது. போனைக் கூட ரசித்துப் பார்க்கவில்லை, கை தானாக உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் என்று போனே கணக்குக் காட்டியது. ஒரு கட்டத்தில், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் வீட்டுக்குச் செலவு மிச்சம் என்ற நினைப்பு வர ஆரம்பித்தது. ஒருநாள் வந்து போன நினைப்பு அல்ல, தினமும் வந்தது. இப்படி ஒரு நினைப்பு உங்களுக்கு வந்தால், அது எவ்வளவு லேசாக வந்தாலும், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். நான் மாசக்கணக்கில் உள்ளே வைத்திருந்தேன்.

கடைசியில் ஒரு ராத்திரி 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டேன். டெலி மானஸ் என்ற பெயரில் ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். வீட்டுக்குள் பேசினால் கேட்கும் என்பதால் பின்பக்கம் ரப்பர் மரத்தடியில் போய் நின்றேன். முதலில் எனக்குப் பேச்சே வரவில்லை. மறுமுனையில் இருந்த அக்கா அவசரப்படுத்தவில்லை. கேள்விகளுக்கு நடுவில், “எப்ப உறங்குறீங்க? எப்ப எழும்புறீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் அவர்தான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் போனால் பார்க்கலாம் என்று சொன்னார். நாகர்கோவிலுக்குத் தினமும் போய் வருகிறேன், ஆசாரிப்பள்ளம் கூப்பிடு தூரம். அங்கே இப்படி ஒரு வாசல் எனக்காகத் திறந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அம்மா பயந்துபோனார்கள். அத்தை, “பிள்ளைய அங்க கொண்டு போனா நாளைக்கு மாப்பிள்ள வீட்டுல விசாரிக்க மாட்டாங்களா?” என்றார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “உறக்கம் இல்லாம ஆளு இருக்க முடியுமா? நான் நாலு மணிக்கு எழும்புறது எட்டரைக்குப் படுக்கிறதுனாலதான். நாளைக்கு வெட்டு வேண்டாம், நானே கூட வாறேன்” என்றார். அவர் கூட வந்தார். உங்கள் வீட்டில் சொல்லும்போது ‘டிப்ரெஷன்’ என்று ஆரம்பித்தால் பயப்படுவார்கள். ‘உறக்கம் வரவில்லை, படிக்க முடியவில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். உறக்கம் வராத கஷ்டம் எல்லா அம்மா அப்பாவுக்கும் புரியும். மீதியை டாக்டர் முன்னால் சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் கேட்டால் அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகவும் பேசுவார்.

டாக்டர் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு நாள் அப்படி இருந்தது என்பதற்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. நான் அதைத் தாண்டி இருந்தேன். அந்த ஒன்பதில் உறக்கம், சோர்வு, கவனம் சிதறுவது என்று மூன்று கேள்விகள் உறக்கக் கேட்டினால் மட்டுமே கூட வரக்கூடியவை. அதனால், உறக்கத்தைச் சரி செய்துவிட்டு மறுபடியும் கேட்பேன், மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றார். உறக்கம் கெட்டால் மனம் கெடும், மனம் கெட்டால் உறக்கம் கெடும், எது முதலில் என்று சண்டை போடாமல் கைக்கு அகப்படும் முனையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு மாத்திரையும் கொடுத்தார். அதன் பெயரை இங்கே எழுதவில்லை, ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தர் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

அவர் சொன்ன முதல் வேலை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்பதை இப்போதைக்கு விட்டுவிடு, தினமும் ஒரே நேரத்தில் எழும்பு, ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம் என்றார். உறக்கத்தை நாம் வரவழைக்க முடியாது, எழும்புவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. ஐந்தே முக்கால் என்று வைத்துக்கொண்டோம். எழுந்ததும் முற்றத்துக்குப் போய் அரைமணி நேரம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மழை நாளில் என்ன செய்ய என்று கேட்டேன். மேகம் மூடிய வானம் கூட நம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம், திண்ணையில் உட்கார்ந்தால் போதும் என்றார். அப்பா வெட்டு முடித்துச் சாயா குடிக்க வரும்வரை திண்ணையில்தான் உட்காருவேன்.

முதல் இரண்டு வாரம் நரகம். இதை மறைக்காமல் சொல்கிறேன், பாதிப் பேர் அங்கேதான் விட்டுவிடுவார்கள். ராத்திரி பழைய நேரத்துக்குத்தான் உறக்கம் வரும், காலையில் புதிய நேரத்துக்கு எழும்ப வேண்டும். பகல் முழுவதும் தலை கனக்கும். அந்த நாட்களில் சாயங்கால பஸ்ஸில் உறங்கவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. பார்வதிபுரம் தாண்டும்போதே எனக்குக் கண் சொருகிவிடும். அந்த முக்கால் மணி நேர உறக்கம் ராத்திரிக்குச் சேர்த்து வைத்த உறக்கத்தைச் செலவழித்துவிடும் என்பதால் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன், தோழி என்னிடம் பேசிக்கொண்டே வருவாள். கட்டன் சாயா மதியத்தோடு சரி. மூன்றாவது வாரம் பதினொரு மணிக்கு உறக்கம் வந்து தானாகக் கண் மூடியது.

போன் விஷயத்தில், செயலிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது எனக்கு உதவவில்லை. ‘இன்னும் 15 நிமிடம்’ என்ற பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். உதவியது தூரம். மார்த்தாண்டத்தில் 300 ரூபாய்க்கு ஒரு டைம்பீஸ் வாங்கினேன், ‘அலாரத்துக்காகப் போன் பக்கத்தில் வேண்டும்’ என்ற சாக்கு அதோடு ஒழிந்தது. சார்ஜர் அடுக்களையில், அரிசி டப்பாவின் மேல். பத்தரைக்கு அங்கே போனை வைத்துவிட்டு வர வேண்டும். படுக்கையில் உறக்கத்தைத் தவிர வேறு எதுவும் கூடாது. இருபது நிமிடம் போல உருண்டும் உறக்கம் வராவிட்டால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பேன். ரீல்ஸ் செயலியை முழுக்க ஒழித்துவிடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம், கூடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கப் பார்ப்பேன். எனக்கென்று ஒரு நேரம் வேண்டும் என்ற பசி நியாயமானது, அதைப் பட்டினி போட்டால் அது நள்ளிரவில் எழுந்துகொள்ளும். அதனால் அம்மாவிடம் கேட்டு, வந்ததும் செய்யும் வேலைகளில் பாதியைத் தங்கையோடு பங்கு போட்டுக்கொண்டேன்.

வாட்ஸ்அப் குரூப் ஒரு பெரிய தலைவலி. நாளைக்கு ரெக்கார்டு கொண்டு வர வேண்டும் என்ற செய்தி ராத்திரி பதினொரு மணிக்கு வரும். போனை எடுக்காமல் இருந்தால் காலையில் நான் மட்டும் திட்டு வாங்குவேன். வகுப்புப் பிரதிநிதியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கும் அதே பிரச்சினை. ஆசிரியர்களிடம் பேசி, ஒன்பது மணிக்குள் வருவதை மட்டும் மறுநாளுக்குக் கணக்கில் எடுப்பது என்று ஏற்பாடு செய்தாள். உண்மையான அவசரம் என்றால் அம்மா நம்பருக்குக் கூப்பிடுவாள். இதுவரை ஒரு தடவை கூட அப்படிக் கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று அரியரில் இரண்டை எழுதி முடித்துவிட்டேன், ஒன்று பாக்கி. ஸ்டடி ஹாலிடேயில் பழைய பழக்கம் ஒரு வாரம் திரும்பி வந்தது. ஆனால் இந்தத் தடவை எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். ராத்திரி எத்தனை மணியானாலும் மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன், நாலைந்து நாளில் நேரானது. நெஞ்சுப் படபடப்பு நின்றது. தங்கையை அடிப்பதில்லை. மாத்திரையைப் பற்றி ஒன்று: மனசு தெளிந்ததும் எனக்கு நானே அதை நிறுத்தப் பார்த்தேன். டாக்டர் கண்டித்தார், நன்றாக இருப்பதே அது வேலை செய்வதால்தான், குறைப்பது படிப்படியாகத்தான் என்று. இப்போது குறைத்துக்கொண்டு வருகிறோம்.

ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்கு என் வழி அப்படியே ஒத்து வராது என்று தெரியும். அறையில் நாலு பேர், ஒருத்தி லைட் போட்டுப் படிப்பாள், ஒருத்தி போனில் பேசுவாள். என் தோழி ஒருத்தி ஹாஸ்டலில் செய்தது இது: அறைக்குள் எல்லாருமாகப் பேசி, பதினொரு மணிக்கு நாலு போனையும் கதவுப் பக்க அலமாரியில் வைத்துவிடுவது, படிக்கிறவள் ஸ்டடி ரூமுக்குப் போவது. தனியாகச் செய்தபோது அவளால் முடியவில்லை, நாலு பேர் சேர்ந்ததும் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் படுத்த நேரம், உறக்கம் வந்த நேரம் என்று உத்தேசமாகத் தோன்றியது, எழுந்த நேரம், சாயா குடித்த நேரம் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். இதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் கொண்டு போங்கள், திரும்ப எடுக்க வேண்டிய தேவை குறையலாம். காலையிலேயே போய்விடுங்கள், ஓபி சீட்டு வாங்கும் வரிசை நீளமாக இருக்கும். அந்த வரிசையில் உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் யாரையாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நான் பார்த்தேன், இப்போது நாங்கள் ஒரே நாளில் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிச் சேர்ந்தே போய் வருகிறோம்.